நுகர்வோர் உரிமைத் தகவலை எல்லோருக்கும் விளங்க எழுதுவது எப்படி? கொழும்புக்கான முழுமையான வழிகாட்டி

நுகர்வோர் பாதுகாப்பு என்று தலைப்புப் போட்ட துண்டுப்பிரசுரங்களுக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. பெரும்பாலானவை "2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் பிரகாரம்" என்று தொடங்கும். வாசிக்க எடுத்தவர் அந்த வரியிலேயே தாளை மடித்துவிடுவார். வேலை செய்யாத ரைஸ் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குச் சட்டத்தின் பெயர் எதற்கு? எங்கே போவது, என்ன கொண்டு போவது, எத்தனை நாளுக்குள் போவது என்று தெரிந்தால் போதும்.

சனசமூக நிலையம், நூலகம், பாடசாலை, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாக சபை, தொடர்மாடிக் குழு என்று எந்த இடத்திலிருந்தாவது அப்படியொரு தாளையோ குரல் பதிவையோ தயாரிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

படி 1: ஒரு தாளுக்கு ஒரு பிரச்சினை

"உங்கள் உரிமைகள் அனைத்தும்" என்று ஒரே தாளில் அடைக்க வேண்டாம். பழுதான சாமான், அச்சிட்ட விலைக்கு மேல் விற்றல், நிறை குறைவு, காலாவதியான உணவு, வங்கி அல்லது லீசிங் தகராறு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய அலுவலகமும் கையில் இருக்க வேண்டிய ஆதாரமும் வேறு.

தலைப்பையும் ஆள் கேட்கிற கேள்வியாகவே வையுங்கள். "உத்தரவாதம் தொடர்பான நுகர்வோர் உரிமைகள்" என்பதைவிட "வாங்கிய சாமான் பழுதா? கடைக்காரர் மாற்றித் தரவில்லையா?" என்பது பத்தடி தூரத்திலிருந்தே வேலை செய்யும்.

எந்தப் பிரச்சினையில் தொடங்குவது என்று யோசித்துக் குழம்ப வேண்டியதில்லை. உங்கள் பகுதி கொமியூனிகேஷன் கடைக்காரரிடம் கேளுங்கள். கடிதம் டைப் பண்ணவும் படிவம் நிரப்பவும் சனம் அங்கேதான் போகும். எதற்கு அதிகம் கடிதம் அடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

படி 2: எழுதமுன் உண்மைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்

பழுதான சாமான் தாளை எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் 13ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. வெளியே சொன்ன உத்தரவாதமோ சொல்லாமலே உள்ளதாகக் கொள்ளப்படும் உத்தரவாதமோ, சாமான் அதற்கு ஒத்து வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். விசாரணையில் நட்டம் நடந்தது உறுதியானால், மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ சபை உத்தரவிடும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பல தாள்கள் சறுக்குவது இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். "பழுது ஏற்பட்டு மூன்று மாதத்துக்குள்" என்று அச்சடித்துவிடுகிறார்கள். கணக்குத் தொடங்குவது வாங்கிய நாளில். ஒரு வருட வொரண்டி இருக்கிறதே என்று ஆறுதலாக இருப்பவரைத்தான் இது கவிழ்க்கும். அதேநேரம் வொரண்டி என்பது கடை அல்லது ஏஜென்ட் தந்த வாக்கு. அது மூன்று மாதத்தோடு செத்துப்போவதில்லை. பதினோராம் மாதத்திலும் அதைக் காட்டி வேலை வாங்கலாம். இந்த இரண்டு காலக்கெடுவையும் தாளில் பிரித்தே எழுதுங்கள்.

கடையில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று போர்ட் தொங்கினால் என்ன செய்வது என்றும் கட்டாயம் கேட்பார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்குச் சட்டம் கைகொடுக்காது. பழுதான சாமானுக்கு 13ஆம் பிரிவு இருக்கிறது, போர்ட் அதை அழித்துவிடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் கவுண்டரில் வீண் சண்டைதான் வரும்.

அபராதத் தொகைகளைப் பெரிதாகப் போட ஆசை வரும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வர்த்தமானியில் அறிவித்த உச்ச விலைக்கு மேல் விற்ற தனிக் கடைக்காரருக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரையும், கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரையும் தண்டம் விதிக்கலாம். பழைய தாளைப் பார்த்துக் கொப்பி அடிக்கிறவர்கள் திருத்தத்துக்கு முந்திய சில்லறைத் தொகைகளையே இன்னும் போடுகிறார்கள். எங்கள் கருத்தில் இந்தத் தொகைகள் தாளின் பின்பக்கத்துக்கே உரியவை. தண்டப் பணம் அரசாங்கத்துக்குப் போகும், வாங்கியவர் கைக்கு ஒரு சதமும் வராது. முன்பக்கத்தில் போட்டால் வாசிப்பவர் கடைக்காரரை மிரட்டத்தான் அதைப் பயன்படுத்துவார்.

படி 3: சரியான கதவைக் காட்டுங்கள்

பிழையான அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர் இன்னொரு தடவை அலைவது அபூர்வம். அரை நாள் சம்பளம் போன பிறகு யாருக்கும் அலுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு தாளிலும் "இது எங்கள் தாளில் இல்லை என்றால் அங்கே போங்கள்" என்று ஒரு சிறு பெட்டி இருக்கட்டும்.

விலை, பில், வொரண்டி, பதுக்கல், விற்க மறுத்தல் எல்லாம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, போன் 1977. சாப்பாட்டில் புழு, அழுக்கான சமையலறை என்றால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது சனம் சொல்லும் பீ.எச்.ஐ. நகரத்துக்குள் அவரைக் கொழும்பு மாநகர சபை ஊடாகப் பிடிக்கலாம். தராசில் கோளாறு என்றால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறைப்பாடு, பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கி, போன் 1935. சிம், ரீலோட், இன்டர்நெட் தகராறுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. மருந்துக்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. எதற்கு எங்கே என்று புரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையம், போன் 1919. அச்சுக்குக் கொடுக்கும் நாளன்று ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

இந்த இலக்கங்களில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாமே ஆண்டுகள் மாதிரி இருக்கும். "1977 அழைக்கவும்" என்று வரிக்கு நடுவில் போட்டால் வயதானவர்கள் ஆண்டாகவே வாசித்துக் கடந்துபோவார்கள், அதுவும் 1977 என்பது எங்கள் ஆட்கள் மறக்காத ஆண்டு. தனி வரியில், போன் படத்துக்குப் பக்கத்தில், "1 - 9 - 7 - 7" என்று பிரித்துப் போடுங்கள்.

படி 4: வசனத்தை உடைத்து எழுதுங்கள்

தமிழில் வினை கடைசியில் வரும். சட்ட மொழி நிபந்தனைகளை எல்லாம் வினைக்கு முன்னால் அடுக்கும். வாசிப்பவர் முற்றுப்புள்ளி வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அந்த நடை இப்படியிருக்கும்:

"உற்பத்தியாளரால் அல்லது வர்த்தகரால் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ வழங்கப்பட்ட உத்தரவாதத்திற்கு இணங்காத பண்டமொன்றைக் கொள்வனவு செய்த நுகர்வோரொருவர், விற்பனை இடம்பெற்ற திகதியிலிருந்து மூன்று மாத காலத்தினுள் எழுத்து மூலமாக அதிகார சபைக்கு முறைப்பாடு செய்தல் வேண்டும்."

இதையே இப்படி எழுதலாம்:

"வாங்கிய சாமான் பழுதா?
பில்லையும் வொரண்டி கார்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குப் போங்கள்.
கடைக்காரர் மாற்றியும் தரவில்லை, காசும் தரவில்லை என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கடிதம் கொடுங்கள்.
வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.
போனில் சொன்னதோடு நிறுத்த வேண்டாம். எழுத்தில் இருக்க வேண்டும்."

ஒரு வசனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொல், ஒரு வசனத்தில் ஒரு செயல், செய்ய வேண்டியவரை நேரே பார்த்துப் பேசும் வினை. "செய்யப்படல் வேண்டும்" என்று வரும் இடமெல்லாம் யார் செய்வது என்று கேளுங்கள். அந்த ஆளைப் போட்டதும் வசனம் தானாக நிமிரும்.

பேச்சுத் தமிழில் எழுதுவதா என்ற கேள்வியும் வரும். தாளில் வேண்டாம். வெள்ளவத்தையில் இருக்கிற யாழ்ப்பாணத்தார், கொட்டாஞ்சேனைத் தமிழர், மருதானை முஸ்லிம் குடும்பங்கள், கடைகளில் வேலைக்கு வந்த மலையக இளைஞர்கள் என்று ஆளுக்கொரு பேச்சு. எளிய எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் பொது. பில், வொரண்டி, கார்ட், டிஸ்கவுண்ட் போன்றவை எல்லோர் வாயிலும் இருப்பதால் அப்படியே வைக்கலாம், "பற்றுச்சீட்டு" என்று மாற்றப்போய்க் குழப்ப வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு: அலுவலகத்தின் அதிகாரபூர்வப் பெயர். வாசலில் பெயர்ப்பலகையில் தேட வேண்டியது அது என்பதால் முழுதாக, ஒரே மாதிரி, எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

படி 5: எண்களைச் செயலுக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

பாண் நல்ல உதாரணம். 2024 பெப்ரவரியில் வந்த விதிப்படி ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம். 450இல் 13.5 கிராமும் 225இல் 6.75 கிராமும் குறைந்தால் பரவாயில்லை. இதை இப்படியே தாளில் போட்டால் கூட்டிக் கழிக்கிற வேலை வாசிப்பவர் தலையில் விழும். வீட்டுத் தராசும் பெரும்பாலும் தசமம் காட்டாது. கழித்தலை நீங்களே செய்துவிடுங்கள்: "முழுப் பாண்: தராசு 436 அல்லது அதற்குக் கீழே காட்டினால் நிறை குறைவு. அரைப் பாண்: 218 அல்லது அதற்குக் கீழே." பக்கத்தில் தராசில் வைத்த பாணின் படம். அவ்வளவுதான்.

தராசே பிழையாக இருந்தால்? அதையும் ஒரு வரியில் சேருங்கள். சீல் உடைக்காத 400 கிராம் பால்மா பக்கெட்டை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். உறையின் பாரமும் சேர்வதால் 400ஐக் கொஞ்சம் தாண்டிக் காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் அந்தத் தராசை நம்பி பேக்கரியில் பிரச்சினைப்படக் கூடாது.

மென்பானப் போத்தலில் உள்ள நிற வட்டமும் இப்படித்தான். 2016 முதல் 100 மில்லி லீட்டரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. வாசிப்பவர் தவறவிடுவது "100 மில்லி" என்ற சொல்லை. வட்டத்தில் 11 என்றிருந்தால் முழுப் போத்தலிலும் 11 கிராம்தான் என்று நினைப்பார். 500 மில்லி போத்தலில் அது 55 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 11 தேக்கரண்டிச் சீனி. தாளில் அந்தப் பதினொரு கரண்டியையும் வரிசையாக வரைந்துவிடுங்கள்.

மாறும் விலைகளைப் பிரதான தாளில் அச்சடிக்க வேண்டாம். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச விலை 500 மில்லி 70 ரூபா, 1 லீட்டர் 100 ரூபா என்று வந்தது. இது போன்றவை அடுத்த வர்த்தமானியில் மாறலாம். தனித் துண்டில், திகதியோடு, கொப்பி எடுத்து ஒட்டக்கூடியதாக வையுங்கள்.

படி 6: பில்லைப் பற்றி ஒரு தனிப் பகுதி

பில் இல்லாதவனுக்கு வாய் மட்டும்தான் மிச்சம். கேட்டால் பில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் புறக்கோட்டையில் பல கடைகளில் "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்ட, கடையின் பெயரோ முகவரியோ இல்லாத துண்டுதான் கைக்கு வரும். நல்ல பில்லின் படத்தைப் போட்டு நான்கு இடங்களை வட்டமிடுங்கள்: கடையின் பெயரும் முகவரியும், திகதி, சாமானின் பெயரும் மொடலும், கொடுத்த தொகை. பக்கத்திலேயே எஸ்டிமேட் துண்டின் படத்தைப் போட்டுக் குறுக்கே கோடு.

அடுத்தது மை. இப்போது பெரும்பாலான கடைகளில் வெப்பத்தால் எழுத்து விழும் பில் தாள்தான். பர்ஸுக்குள், வெயிலில், பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தால் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும், சில வேளை அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே. "வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள், ஒரு போட்டோ கொப்பியும் எடுங்கள்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தாள் முழுவதிலும் ஒரே ஒரு வரிதான் மனதில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

படி 7: கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்

"எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு மாதிரிக் கடிதம் தராத தாள் பாதி வேலைதான் செய்கிறது. தாளின் பின்பக்கத்தில் நிரப்பக்கூடிய கடிதம் ஒன்று இருக்கட்டும்: என் பெயர், முகவரி, போன். கடையின் பெயர், முகவரி. வாங்கிய திகதி, சாமான், விலை, பில் இலக்கம். என்ன பழுது, எப்போது தெரிந்தது. கடைக்கு எந்தத் திகதியில் போனேன், என்ன பதில் சொன்னார்கள். எனக்கு வேண்டியது: மாற்றித் தருவது / காசு / நட்டஈடு. கையொப்பம், திகதி.

"எனக்கு வேண்டியது" என்ற இடத்தைத் தனிக் கட்டமாகப் போடுங்கள். வெறும் தாளில் எழுதச் சொன்னால் கடைக்காரர் பேசிய பேச்சை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, தனக்கு என்ன வேண்டும் என்பதை விட்டுவிடுவார்கள்.

கீழே மூன்று குறிப்புகள் சேருங்கள். அசல் பில்லைக் கொடுக்காமல் கொப்பியை இணைக்க வேண்டும். தபாலில் என்றால் பதிவுத் தபால், அந்தத் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாவது, தமிழிலேயே எழுதலாம் என்பது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கொழும்பில் எத்தனையோ பேர் சிங்களத்தில் எழுத ஆள் தேடியே நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

படி 8: எழுத்துரு, அச்சு, கோப்பு

ஏ4 தாளை ஒரு மடிப்பு மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும், அதற்கு மேல் வேண்டாம். தலைப்பு அல்லாத எழுத்தின் அளவு 14 புள்ளி (பொயின்ட்), குறைந்தது 12. தமிழெழுத்தில் சுழி அதிகம். 10 புள்ளியில் போட்டோ கொப்பி அடித்தால் ண, ன, ஞ எல்லாம் கரிப்பொட்டாகிவிடும். வரிக்கு வரி இடைவெளி ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

பாமினி எழுத்துருவில் அடிக்கும் அச்சகங்கள் இன்னும் உண்டு. அச்சில் அது அழகாகத்தான் இருக்கும். அந்தக் கோப்பை வட்ஸ்அப்பில் கொப்பி பண்ணினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை விழும், கண் தெரியாதவரின் போனும் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கும். எல்லாப் போனிலும் கணினியிலும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடிய யுனிகோட் எழுத்துமுறையில் மட்டும் எழுதுங்கள். வடிவமைப்பு மென்பொருள் பழையதாக இருந்தாலோ தெற்காசிய மொழி அமைப்பை இயக்கி வைக்காவிட்டாலோ கொம்பும் காலும் இடம் மாறி விழும். "கொ", "கே", "கை" மூன்றையும் அச்சுப் படியில் தேடிப் பாருங்கள். சரியாக இருந்தால் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன், அதாவது எழுத்து படமாகிவிடும்) மாற்றி அச்சகத்துக்கு அனுப்பலாம். திருத்தக்கூடிய மூலக் கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தாள் கறுப்பு வெள்ளைக் கொப்பியாகத்தான் பாதி ஊருக்குப் போகும். சரி என்பதற்கு ✓, பிழை என்பதற்கு ✗ சேர்த்துப் போடுங்கள். பூதக்கண்ணாடி, தராசுத் தேவதை மாதிரியான அலங்காரப் படங்கள் இடத்தைத்தான் தின்னும்.

வட்ஸ்அப் படமாக அனுப்பினால் அதே செய்தியை எழுத்தாகவும் கூடவே அனுப்புங்கள். "ரூ." என்பதைக் குரல் வாசிப்பான்கள் சில வேளை "ரூ" என்றே வாசிக்கும், "ரூபா" என்று முழுதாக எழுதுங்கள். திகதியையும் "2025 ஏப்ரல் 1" என்று மாதப் பெயரோடு.

படி 9: குரல் பதிவு

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பஸ்ஸில் போகிறவரும் காதில்தான் கேட்பார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கே பேச்சுத் தமிழ் தாராளமாக வரலாம். வணக்கம், முன்னுரை, பின்னணி இசை எதுவும் வேண்டாம். முதல் வசனமே பிரச்சினை: "கடையில வாங்கின சாமான் பழுதாப் போச்சா? பில்லை எடுத்து வைங்க." போன் இலக்கத்தை மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை சொல்லுங்கள். பதிவின் கடைசியில் எந்த மாதம் பதிவானது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 10: அச்சுக்கு முன் சோதனை

ஐந்தாறு பேர் போதும், ஆனால் உங்கள் குழுவுக்கு வெளியே உள்ளவர்கள். ஒருவர் அறுபது தாண்டியவர், ஒருவர் பத்தாம் வகுப்போடு நின்றவர், ஒருவர் தமிழைவிடச் சிங்களத்தில் வேகமாக வாசிப்பவர் என்று கலந்து பிடியுங்கள்.

"விளங்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் "ஓம், விளங்குது" என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேட்கலாம்:

"அக்கா, நீங்க போன மாசம் அயர்ன் ஒன்று வாங்கினீங்க என்று வைப்போம். இப்ப சூடாகுதில்ல. இந்தத் தாளைப் பார்த்து என்ன செய்வீங்க?"

"1977க்கு அடிப்பன்."

"அதுக்குப் பிறகு?"

"அவங்க வந்து பார்ப்பாங்கதானே."

இந்தப் பதிலில் தாளின் பிழை பளிச்சென்று தெரிகிறது. போன் இலக்கம் பெரிது, கடிதம் சிறிது. அதை மாற்றி, வேறு இரண்டு பேரிடம் மறுபடியும் கேளுங்கள். சோதனையின்போது நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. தாள் ஒட்டியிருக்கும் இடத்தில் நீங்கள் நிற்கப்போவதில்லை.

ஒரு கடைக்காரரிடமும் காட்டுங்கள். பில் தருவதும் மாற்றித் தருவதும் நடைமுறையில் எங்கே சிக்குகிறது என்று அவர் சொல்வார். தாள் தன்னைத் திருடன் என்று சொல்லவில்லை என்று தெரிந்தால் கவுண்டரிலேயே ஒட்டவும் விடுவார்.

படி 11: வைக்கும் இடமும் புதுப்பிப்பும்

கொமியூனிகேஷன் கடையில் மாதிரிக் கடிதத்தின் மூலப் பிரதி, தொடர்மாடி லிஃப்டுக்குப் பக்கத்தில் தாள், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் சில கட்டு, கோயில் பள்ளிவாசல் பலகைகளில் ஒன்று. கருத்தரங்கில் கொடுத்துவிடும் ஆயிரம் தாளைவிடக் கொமியூனிகேஷன் கடையில் இருக்கும் பத்துத் தாள் உதவும், ஏனென்றால் அங்கே வருகிறவருக்கு அன்றைக்கே பிரச்சினை இருக்கிறது.

தாளின் அடியில் சிறிய எழுத்தில் திகதி போடும் வழக்கத்தை விடுங்கள். பழைய படங்கள் வட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் சுற்றும். "2025 ஏப்ரல் நிலவரம்" என்று தலைப்புக்குக் கீழேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் போடுங்கள். குழுவில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இலக்கங்களை அடித்துப் பார்க்கவும் வர்த்தமானி மாற்றங்களைத் தேடவும் விடுங்கள். மாற்றம் இருந்தால் புதிய தாளை ஒட்டும்போதே பழையதைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் சனம் தனக்குச் சாதகமானதைத்தான் நம்பும், கடைக்காரரும் அப்படித்தான்.